மாரியில் வெடிக்காத தோட்டா: கோளாறு துவக்கிலா, தோட்டாவிலா?

தம்பலகாமத்தில் எங்கள் வயல் காட்டோரம் இருக்கிறது. பெரும்போகத்தில் கதிர் முற்றும் நேரம் பன்றிக்கூட்டம் இறங்கினால் விடியும்போது பாதி வயல் உழுதுபோட்டது போலக் கிடக்கும். அதற்காகப் பயிர்க் காவலுக்கென்று அனுமதி பெற்ற 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு என் பெயரில் இருக்கிறது. போன மாரியில் அது சதி செய்யத் தொடங்கியது. விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான்.

வெடிக்கவில்லை என்று உடனே துவக்கை மடித்துத் திறக்கக் கூடாது. சில தோட்டா தாமதித்து வெடிக்கும். குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். நான் ஒரு நிமிடம் வரை பொறுப்பேன்.

அப்புறம் தோட்டாவை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில், உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கேப்பில், துவக்கின் ஊசி குத்திய குழி தெரியும். குழி ஆழமாக இருந்தால் ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது, பிழை பெரும்பாலும் தோட்டாவில்தான். எனக்கு முதலில் அப்படித்தான் இருந்தது. பித்தளை அடியில் பச்சை பூத்து, கடதாசிக் கூடு ஈரத்தில் ஊதி, சில தோட்டாக்கள் குழலுக்குள் இறங்கவே மறுத்தன. வெயிலில் காயவைக்கச் சொன்னார்கள். கெட்டுப்போன கேப் வெயிலில் சரியாகாது. பக்கத்து வயல் அண்ணன் ஒருவர், பிரித்து மருந்தை மாற்றி அடைக்கலாமே என்றார். அதை நான் அடியோடு மறுத்தேன். என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் அடைத்தால் குழலோடு கையும் போகும். துவக்குக்கான அனுமதிப்பத்திரம் அதற்கு இடம் தருவதும் இல்லை. பழுதானவற்றைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, பிளாஸ்டிக் கூட்டுத் தோட்டா புதிதாக வாங்கினேன்.

சரி, தீர்ந்தது என்று பார்த்தால் புதியதிலும் ‘டிக்’. இந்த முறை குழி வெறும் கீறல் போல மேலோட்டமாக இருந்தது. ஆக, கோளாறு துவக்கில். திருகோணமலை டவுனில் திருத்துபவரிடம் தோட்டா போடாமல், பத்திரத்தோடு கொண்டுபோனேன். அவர் கழற்றிக் காட்டினார்: முன்பு யாரோ பூசிய தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகி ஊசியைப் பிடித்திருந்தது, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. துடைத்து, ஸ்பிரிங் மாற்றி, துவக்கு எண்ணெயை மெல்லியதாகப் பூசித் தந்தார்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. மிஞ்சியிருந்த பழைய தோட்டா ஒன்று வழமையான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்று போனது. பன்றி இன்னும் வயலுக்குள் நிற்கிறது, கை அடுத்த தோட்டாவைத் தேடுகிறது. அந்த நேரத்தில்தான் நிதானம் வேண்டும். மடித்து, காலி என்று உறுதி செய்து, டோர்ச் அடித்துப் பார்த்தால் குழலின் நடுவில் அடைப்பான் (தோட்டாவுக்குள் மருந்துக்கும் ஈயக் குண்டுகளுக்கும் இடையில் இருக்கும் தக்கை) சிக்கி நின்றது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். மரக்கம்பால் தள்ளி எடுத்தோம். 20 போர் தோட்டாவும் இதே ஆபத்தைத் தரும்; எண் பெரிதானாலும் அது 12 போரை விட மெல்லியது. 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. இரண்டு வகைத் துவக்கும் உள்ள வீடுகளில் தோட்டாவைக் கலந்து வைக்கவே வேண்டாம்.

இப்போது தோட்டாக்கள் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, துவக்கு இல்லாத வேறு அலுமாரியில் பூட்டியிருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொன்றின் அடியையும் பார்த்து, பச்சை பூத்ததை ஒதுக்கிவிடுகிறேன்.