எங்கள் மாருதி 800 இனி இல்லை

வேலூர் பக்கத்துக் கணியம்பாடி தாண்டி திருவண்ணாமலை ரோட்டில், சிறுபாலம் கட்டப் பாதி சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மறைப்புக்கு ஒரே ஒரு தார் டிரம். ஒளிரும் பட்டை கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது. எதிரே லாரி ஹைபீமில் வந்தது. கண் கூசி, டிரம் தெரிந்தபோது சக்கரம் ஜல்லியில் ஏறிவிட்டது. வண்டி சறுக்கிப் போய் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. எங்கள் யாருக்கும் பெரிய அடி இல்லை.

ஆனால் வண்டி போச்சு. சேசிஸே வளைந்துவிட்டது, கட்டி இழுப்பதில் பிரயோஜனம் இல்லை என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். அப்பா ரிடையர் ஆன பணத்தில் வாங்கிய டிஎன் 23 வண்டி. அக்காவைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போனதும், குழந்தையோடு திரும்ப அழைத்து வந்ததும் இதில்தான். அப்பாவின் கை பட்டுப் பட்டு கியர் குமிழில் எண்களே அழிந்திருந்தன. அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

பழைய வண்டி என்பதால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான், சொந்த வண்டிக்கு அதில் ஒரு பைசா வராது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சாலைப் பாதுகாப்பு விதிகளை மீறும் ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதற்கு யாராவது சாக வேண்டும், இல்லையென்றால் ஊனமாக வேண்டும். அதுவரை காத்திருக்கணுமா? மனசு ஆறவில்லை.

இரவில் அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து மெதுவாகப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு கூட்டத்தில் மனு கொடுக்கிறேன். கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கத்து நண்பர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.