அசுவினிக்குள் வாழும் பாக்டீரியா: ஓர் ஒப்பீட்டு நாட்குறிப்பு

ஜனவரி 8, 2024

புக்னெராவின் மரபணுத்தொகுதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வேலையை இன்று தொடங்கினேன். அசுவினிப் பூச்சியின் உடலில் அதற்கென்றே அமைந்த செல்களுக்குள் வாழ்ந்து, தாய்ப்பூச்சியிடமிருந்து கருவுக்கு மட்டுமே கடந்து செல்லும் பாக்டீரியா இது. அசுவினி உறிஞ்சும், தாவரத்தில் உணவைக் கடத்தும் ஃபுளோயம் திசுவின் சாற்றில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. இன்றியமையாத அமினோ அமிலங்கள்தாம் போதுவதில்லை. அந்தக் குறையைப் புக்னெரா தீர்த்து வைக்கிறது. 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலான உறவு இது.

பட்டாணி அசுவினியின் புக்னெராவை 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். அதன் நீளம் 6,40,681 கார இணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் படிகள். உறவுமுறையில் அதற்கு நெருக்கமான ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கோ ஏறத்தாழ 46 லட்சம்.

ஜனவரி 11

சோளத்தையும் கோதுமையையும் தாக்கும் பச்சை அசுவினியின் புக்னெராவை, 2002-இல் வெளியான தொகுதியைக் கொண்டு, பட்டாணி அசுவினியினுடையதோடு பொருத்தினேன். இரண்டு பூச்சிகளும் பிரிந்து 5 கோடி முதல் 7 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தும், இரண்டிலும் பொருந்தும் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் படத்தில் ஒரே ஒரு மூலைவிட்டக் கோடுதான் தெரிந்தது. தலைகீழாகத் திரும்பிய துண்டு இல்லை. இடம் மாறிய துண்டும் இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த மரபணு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு காலத்தில் மரபணுக்களின் வரிசை குலையாமல் இருப்பது பாக்டீரியாக்களில் அரிது.

காரணங்களை ஊகிப்பது கடினமன்று. டி.என்.ஏ. துண்டுகளை வெட்டி ஒட்டி மறுசேர்க்கை செய்ய உதவும் ரெக்-ஏ மரபணுவைப் புக்னெரா இழந்துவிட்டது. பிசகான மறுசேர்க்கைக்கு இடம்கொடுக்கும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் அதில் மிகக் குறைவு. பூச்சியின் செல்லுக்குள் அடைபட்டிருப்பதால் அயல் டி.என்.ஏ. வந்து நுழையவும் வழியில்லை. ஆனால் வரிசைதான் அசையவில்லை. ஒவ்வொரு மரபணுவுக்குள்ளும் டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகள் வேகமாக மாறியிருக்கின்றன, அதுவும் ஏ, டி பக்கமே சாய்ந்து. பட்டாணி அசுவினியின் புக்னெராவில் ஜி, சி இரண்டும் சேர்ந்து 26 விழுக்காடுதான்.

ஜனவரி 17

இன்று முழுவதும் சல்ஃபேட்டை ஒடுக்கிச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் பாதையின் மரபணுக்களிலேயே கழிந்தது. பட்டாணி அசுவினியின் புக்னெராவில் அவை முழுமையாக இருக்கின்றன. பச்சை அசுவினியினுடையதில் அவற்றுட் சில அதே இடத்தில், அதே அண்டை மரபணுக்களுக்கு நடுவே கிடந்தாலும், எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் சட்டகம் நழுவியும், புரத ஆக்கத்தை நிறுத்தும் குறியீடு நடுவிலேயே விழுந்தும் செயலிழந்து போயிருக்கின்றன. பெயரிடும் மென்பொருள் உடைந்ததற்கும் நல்லதற்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடும் என்பதால், மரபணுப் பட்டியல்களை மட்டும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மரபணுத்தொகுதி இப்படிச் சுருங்கியதைச் சிக்கனம் என்று பாராட்டி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தலைமுறைதோறும் சில பாக்டீரியாக்களே அடுத்த கருவுக்குள் செல்கின்றன. அவற்றில் சிறு தீங்கு தரும் சடுதிமாற்றம் இருந்தால் அதுவும் கூடவே நிலைத்துவிடுகிறது. மறுசேர்க்கை இல்லாததால் களையவும் முடிவதில்லை. புரதங்கள் சரியாக மடிய உதவும் குரோ-ஈ.எல். புரதத்தைப் புக்னெரா ஏராளமாகத் தயாரிப்பதே, மற்றப் புரதங்கள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பதற்குச் சான்றாகத் தோன்றுகிறது.

ஜனவரி 24

தேவதாரு மரத்தில் வாழும் சினாரா அசுவினியின் புக்னெரா 2006-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. பிளாஸ்மிட் என்ற தனிச் சிறு டி.என்.ஏ. வளையத்தையும் சேர்த்து 4,22,434 கார இணைகள், 362 புரத மரபணுக்கள். அசுவினிக்கு மிகவும் வேண்டிய டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக்கூட இதனால் தனியாகத் தயாரிக்க முடியாது. தொடக்கப் படியில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மத்தை ஆக்கும் இரண்டு மரபணுக்கள் மட்டும் ஒரு பிளாஸ்மிடில் எஞ்சியிருக்கின்றன. மீதிப் படிகளுக்கான மரபணுக்களோ அதே பூச்சிக்குள் குடியிருக்கும் செராட்டியா என்ற வேறொரு பாக்டீரியாவிடம் இருக்கின்றன. ஒரே அமினோ அமிலத்தின் பாதை இரண்டு உயிரிகளுக்கு இடையே பங்கிடப்பட்டிருப்பதைப் புக்னெராக்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால் கண்டிருக்க முடியாது.

பட்டாணி அசுவினியில் இதே செராட்டியா இனம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். சினாராவிலோ அது இன்றியமையாதது. பட்டாணி அசுவினியிலுள்ள செராட்டியாவின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 28 லட்சம் கார இணைகள் நீளமிருக்க, சினாராவிலுள்ளதனுடையது 17.6 லட்சமாக இருப்பதைப் பார்த்தால், புக்னெரா முன்பே நடந்த பாதையில் இதுவும் இறங்கிவிட்டதாகவே படுகிறது. அடுத்து இந்த இரண்டு செராட்டியாக்களையும் பொருத்தப் போகிறேன். முதலில் பார்க்க வேண்டியது ரெக்-ஏ.