அம்மாவின் வாட்ஸ்அப் 7 நாள் பூட்டிக் கிடந்த கதை

போன மாதம் ஒரு மத்தியானம் பெரியம்மா நம்பரிலிருந்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "தெரியாம உன் நம்பருக்கு ஒரு கோடு அனுப்பிட்டேன், பாத்து சொல்லு." எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்க எண் ஒன்று வந்திருந்தது, அக்காதானே கேட்கிறாள் என்று அம்மாவும் அனுப்பிவிட்டார். அதுதான் அம்மாவின் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்க வைக்கும் கோடு. பெரியம்மாவின் கணக்கே முந்தின நாள் இதே மாதிரி பறிபோயிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. இத்தனைக்கும் பெரியம்மா எதையும் பேசித்தான் அனுப்புவார், ஒரு வரி டைப் செய்து நான் பார்த்ததில்லை.

அரை மணி நேரத்தில் குடும்பக் குரூப்பில் அம்மா பெயரில் "அவசரமா 15,000 வேணும், நாளைக்குத் தந்துடறேன்". சித்தப்பா எனக்கு போன் போட்டு "அண்ணி என்கிட்ட பணமே கேட்டதில்லையேப்பா" என்றார். அதற்குள் அத்தை மகன் 5,000 அனுப்பிவிட்டான். அவனை உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடச் சொன்னேன், புகார் எண் வந்தது, பணம் இன்னும் வரவில்லை.

அம்மா போனில் நம்பரைத் திரும்பப் பதிவு செய்யப் போனால், பல தடவை முயன்றாயிற்று, காத்திருங்கள் என்றது. ராத்திரிதான் கோடு வந்தது. போட்டதும் இன்னொரு 6 இலக்க பின் நம்பரைக் (PIN) கேட்டது. நாங்கள் வைக்கவே இல்லை, திருடன் வைத்தது! அவ்வளவுதான், போச்சு என்று நினைத்துவிட்டேன். உதவிப் பக்கத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது: எஸ்எம்எஸ் கோடைப் போட்ட உடனேயே அவன் வெளியே தள்ளப்பட்டுவிடுகிறான், பின் நம்பர் தெரியாததால் நாமும் உள்ளே போக முடியாது, 7 நாள் கழித்து அது இல்லாமலே திறக்கலாம். அதனால் யாருக்காவது இப்படி ஆனால் அழுது புலம்புவதற்கு முன்னால் அந்தக் கோடை வாங்கிப் போட்டுவிடுங்கள். பழைய உரையாடல்கள் நம் போனில்தான் இருக்கும், அவன் கைக்குப் போகாது. ஆனால் குரூப்பில் யார் யார் என்பது தெரிந்துவிடும், அதனால் அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராக போன் செய்து சொல்வதே வேலையாகப் போயிற்று.

எட்டாம் நாள் திறந்ததும் முதல் வேலையாக இரண்டு கட்டச் சரிபார்ப்பை, அதாவது அந்தப் பின் நம்பர் பூட்டை, நாங்களே போட்டு, என் மின்னஞ்சலையும் சேர்த்தேன், பின் நம்பர் மறந்தால் அது வழியாக மீட்கலாம். இணைத்த சாதனங்களில் தெரியாதது எதுவும் இல்லை. பின் நம்பரை அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். சரி, இருக்கட்டும், வீடு புகுந்து பால் நோட்டைத் திருடுகிறவன் வாட்ஸ்அப்பைத் தேடி வந்திருக்க மாட்டான்.