ஆறு தந்தி, ஒரு ஜாக்: கிட்டார் வாங்கிய நாட்குறிப்பு

ஜூன் 14, 2025, சனி

கிட்டார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கையில் இருப்பது பன்னிரண்டாயிரம் ரூபாய். அதற்குள் ஒரு செமி அக்கூஸ்டிக், அதாவது சும்மாவும் வாசிக்கலாம், ஒயரைச் சொருகி மைக்செட்டிலும் வாசிக்கலாம் என்கிற வகை.

எங்கள் பள்ளி மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற நடுநிலைப் பள்ளி. மேட்டூரில் பன்னிரண்டாம் தேதி தண்ணீர் திறந்தாயிற்று. குறுவைப் பேச்சுதான் ஊரெங்கும். ஆனால் நடவை மெஷின் எடுத்துக்கொண்டபிறகு நடவுப் பாட்டு வயலில் கேட்பதில்லை. பிள்ளைகளை அவரவர் ஆத்தாவிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். நோட்டு நிறைய வந்துவிட்டது. என்ன அழகான பாட்டுகள்! இவற்றைப் பிள்ளைகள் வாயில் திரும்ப ஏற்ற வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தினமும் பாடப்போவது வேப்பமரத்தடியில். அங்கே மைக்கும் இல்லை, பிளக் பாயிண்டும் இல்லை. ஆகஸ்ட் 15 அன்று அதே பாட்டை மைக்செட் வைத்து ஊருக்கு முன்னால் பாட வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே கருவி என்றால் செமிதான்.

ஜூன் 19, வியாழன்

உடன் வேலை பார்க்கும் டீச்சரின் தம்பி தஞ்சாவூரில் ஒரு சர்ச் கொயரில் வாசிக்கிறான். மாலை வீட்டுக்கு வந்திருந்தான். அவன் சொன்ன முதல் விஷயத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்: "அக்கா, பன்னெண்டாயிரத்துல செமி கேக்குறீங்க. உள்ள வைக்கிற எலக்ட்ரானிக்ஸுக்கான காசு எங்கேருந்து வரும்? மரத்துலேருந்தும் வேலைப்பாட்டுலேருந்தும்தான் வரும்."

அதைச் சரிபார்க்க ஒரு வழியும் சொன்னான். சில கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே உடம்பை இரண்டு விதமாக விற்கின்றன. யமஹாவில் எஃப்280 சாதா, எஃப்எக்ஸ்280 பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம், வைத்தது. அதற்கு மேல் எஃப்ஜி800, அதன் செமி எஃப்ஜிஎக்ஸ்800சி. இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்தால் ஒயர் சொருகும் ஜாக்குக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துவிடும். வேறொரு கம்பெனி இவர்களுடைய சாதா விலைக்கே செமி தருகிறது, கூடவே சுருதி காட்டும் டியூனர், பை, பெல்ட் எல்லாம் இலவசம் என்றால், எதில் குறைத்தார்கள் என்று நாம்தான் தடவிப் பார்க்க வேண்டும்.

பிக்கப் வேலை செய்கிற விதமும் சொன்னான். தந்திகள் கீழ்ப்பக்கம் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டைக்கு சாடில் என்று பெயர். அதன் அடியில் மெல்லிய பீஸோ பட்டை ஒன்று படுத்திருக்கும். அழுத்தம் மாறினால் சில படிகங்களில் மின்சாரம் தோன்றும். கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்ட வேண்டும். பீஸோ தரும் சிக்னல் மெலிசானது என்பதால் அதைப் பெருக்க கிட்டாரின் தோளில் ஒரு சின்ன ப்ரீஆம்ப். பெரும்பாலும் 9 வோல்ட் சதுர பேட்டரியில் ஓடும்.

ஜூன் 28, சனி

வடுவூர் வழியாகத் தஞ்சாவூர். ஏரியில் தண்ணீர் இன்னும் ஏறவில்லை.

கடையில் நுழைந்ததும் தம்பி ஒருவர் 41 அங்குல ட்ரெட்நாட்டை, அகன்ற உடம்புள்ள பெரிய கிட்டாரை, மடியில் வைத்தார். என் உயரத்துக்கு அது ஒத்துவரவில்லை. வலது கை அதன் விளிம்பைச் சுற்றிப் போவதற்குள் தோள் தூக்கிக்கொள்கிறது. 40 அங்குலத்தில் இடுப்பு ஒடுங்கிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உடனே உடம்பு தளர்ந்தது. பிள்ளைகள் முன்னால் அரை மணி நேரம் நின்று வாசிக்கப்போகிற நான் சத்தத்தைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்தேன். கடைத் தம்பி ஒரு மாதிரி பார்த்தார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் ஆக்‌ஷன். இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது, மெல்லிய தந்திக்கு இரண்டு. அங்கே இருந்தவற்றில் ஒன்று நாலைத் தொட்டது. புதிதாகக் கற்பவர் அதை அழுத்தினால் விரல் நுனி வலித்து, நமக்கு வராது போல என்று கிட்டாரைப் பரண் மேல் ஏற்றிவிடுவார். கருவியின் குறை, ஆளின் குறையாகத் தோன்றிவிடும். எத்தனை பேர் இப்படி விட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டினேன். எங்காவது ‘ஜ்ர்ர்’ என்று உரசுகிறதா என்று கேட்பதற்கு. கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினேன். ஃப்ரெட் நுனி முள்ளாகக் குத்தக் கூடாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வரும் சுரமும், அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு எடுக்கும் சுரமும் டியூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேலே போகப் போக அபஸ்வரம்தான்.

பிறகுதான் ஒயர். கடைக்காரர் பெரிய ஆம்பில் சொருகி எக்கோ வைத்து வாசித்துக் காட்டினார். கோயில் பிராகாரத்தில் கேட்பது போல இனிமையாக இருந்தது. எக்கோவை அணைத்துவிட்டு, கிட்டாரில் இருக்கிற பட்டன் எல்லாவற்றையும் நடுவில் வைக்கச் சொன்னேன். ஒரே சீராக ஆறு தந்தியையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தட்டினால், மூன்றாவது தந்தி பாதிச் சத்தத்தில் பேசியது. சாடிலின் அடிப்பாகம் பீஸோ மேல் சமமாக உட்காராவிட்டால் இப்படி ஆகும். ட்ரெபிளைக் கூட்டி இது சரியாகாது.

முழு மரப்பலகை முகப்பு கொண்ட ஃபெண்டர் சிடி-60எஸ்சிஇ ஒன்றையும் வாசித்துக் கேட்டேன். மணி போல ஒலி. என் பட்ஜெட்டைத் தாண்டியது. அடுக்கு ஒட்டிய பலகைக்கு அந்த ஒலி விரிவு கிடையாதுதான். ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சித்திரை வெயிலும் மாறி மாறி அடிக்கிற நம் ஊரில், ஓட்டு வீட்டில் வைத்துக்கொள்ள அடுக்குப் பலகைதான் குறைவாக முறுக்கிக்கொள்ளும். முதல் கிட்டாருக்கு எனக்கு அது போதும்.

எதையும் வாங்காமல் கிளம்பினேன்.

ஜூலை 1, செவ்வாய்

அம்மாவுக்கு ஒரே கவலை: ஆடி பிறக்கும் முன் வாங்கிவிடு. அப்பாவுக்கு: ஆடித் தள்ளுபடி வரட்டுமே. நான் அம்மா பக்கம். பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15-க்குள் பழகிக் கொடுக்க வேண்டுமே.

ஜூலை 5, சனி

இன்று மைக்செட் அண்ணன் வீட்டில். எங்கள் பள்ளி விழாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அவர்தான். கொயர் தம்பி தன் கிட்டாரோடு வந்தான்.

அண்ணனின் மிக்ஸரில் சொருகியதும் கொய்ங் என்று ஊளை. "டீச்சர், மரப்பெட்டி மைக் மாதிரிதான். பாக்ஸ் சத்தம் அது மேல அடிச்சா அதுவும் சேர்ந்து ஆடும், ஆடுறது திரும்ப பாக்ஸுக்குப் போகும்." கிட்டாரின் வாய்க்கு ரப்பர் மூடி ஒன்று உண்டு, நூறு இருநூறு ரூபாய்தான், போட்டதும் ஊளை பெரும்பாலும் அடங்கியது. தம்பியின் ப்ரீஆம்பில் ஃபேஸ் என்று ஒரு சின்ன பட்டன், சிக்னலைத் தலைகீழாக்குவது. அதை அழுத்தியதும் மிச்சமும் போயிற்று. இனி ப்ரீஆம்பில் நான் தேடப்போவது இந்தப் பட்டனையும் டியூனரையும்தான். உள்ளேயே எக்கோ, புளூடூத் என்று வருகிறதெல்லாம் மைக்செட்டிலேயே இருக்கிற வேலை.

ஒயரைப் பற்றியும் கற்றேன். சாதாரண கிட்டார் கேபிளை மேடையிலிருந்து மிக்ஸர் வரை நீட்டி இழுத்தால் ‘உம்ம்’ என்ற இரைச்சல் ஏறும். நடுவில் டிஐ பாக்ஸ், அதாவது கிட்டார் சிக்னலை மைக் ஒயருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி, வைத்து, அங்கிருந்து மைக் ஒயரில் அனுப்ப வேண்டும். அண்ணனிடம் ஒன்று இருக்கிறது, எனக்குச் செலவில்லை. இன்னொன்று: பல கிட்டார்களில் ஜாக்கில் ஒயரைச் சொருகினாலே ப்ரீஆம்ப் ஆனாகிவிடும். வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்காவிட்டால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

கட்டைக் கணக்கு. எனக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். கிட்டாரில் அந்தச் சுருதியில் நேராக வாசிப்பது புதியவருக்குக் கஷ்டம். எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்விக்கு கேப்போ என்று பெயர். முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி ஜி கார்டு, அதாவது ஜி-யின் சுரக்கூட்டு, பிடித்தால் ஐந்தரைக் கட்டை வந்துவிடுகிறது! ஆறு கட்டை வேண்டுமென்றால் கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டுக்குத் தள்ளினால் போதும். பட்ஜெட்டில் கேப்போவுக்கும் இடம் ஒதுக்கினேன்.

ஜூலை 12, சனி

வாங்கிவிட்டேன்! வேறொரு கடை. 40 அங்குலம், அடுக்குப் பலகை, ப்ரீஆம்பில் மூன்று பட்டன், டியூனர், ஃபேஸ். மாடல் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரே மாடலில் இரண்டு பெட்டி பிரித்தார்கள். ஒன்றில் முதல் தந்தி உரசியது, மற்றதில் ஒரு குறையும் இல்லை. பெயரை நம்பி ஆர்டர் போட்டிருந்தால் எந்தப் பெட்டி வந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அந்த ஒரு கிட்டாரைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு மாற்றே கிடையாது.

ஆக்‌ஷன் மட்டும் மூன்று இருந்தது. கடையில் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் சாடிலைக் கழற்றி அடிப்பக்கம் தேய்த்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க, சாடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய வேண்டுமாம். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, சாடிலைச் சாய்க்காமல் இழுத்தார். செமியில் இது கொஞ்சம் சாய்ந்தாலும் பீஸோ மேல் சரியாக உட்காராது. அன்று கேட்ட பாதிச் சத்தத் தந்தி மாதிரி ஆகிவிடும். மறுபடி ஆம்பில் சொருகி ஆறு தந்தியும் சமமாகப் பேசியபிறகுதான் பில் போடச் சொன்னேன்.

வரும் வழியில் வீணைப் பட்டறை ஒன்றில் நின்றேன். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாமரக் குடத்தைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஆசாரி, என் கிட்டாரை வாங்கி அதையும் தட்டிப் பார்த்தார். வீணையில் மெட்டுகள், அதாவது அதன் ஃப்ரெட்டுகள், மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சுருதி நகர்ந்தால் மறுபடி மேளம் கட்டலாம், அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்கலாம். கிட்டாரில் மெட்டை மரத்தில் அடித்து இறக்கிவிடுகிறார்கள், நகர்த்த முடியாது. "அதனால வாங்கும்போதே சுத்தமா பார்த்துடணும், பார்த்தீங்களாம்மா?" என்றார். பார்த்தேன் என்று சொல்ல எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! மழைக்காலத்தில் தரையிலும் வெளிச்சுவரிலும் சாய்க்க வேண்டாம், பைக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. விரல் நுனி காய்த்துக்கொண்டு வருகிறது. கடையில் போட்டுக் கொடுத்த 12 கேஜ் தந்தியைக் கழற்றி, அதைவிட மெல்லிய 11 போட்டேன். அழுத்த இலகு, சத்தம் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. ஜி, சி, டி, ஈ மைனர். இந்த நாலு கார்டில் பிள்ளைகளின் பாட்டில் பாதி அடங்கிவிடுகிறது. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்தியைத் துடைக்கிறேன். வியர்வை நின்றால் துரு.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று பாடினோம். ஊளை இல்லை, இரைச்சல் இல்லை. பிள்ளைகள் குரலுக்கு அடியில் ஆறு தந்தியும் கேட்டன. முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருத்தி இரண்டாம் அடியிலேயே எழுந்து நின்று கூடப் பாட ஆரம்பித்துவிட்டார். நோட்டில் இல்லாத அடிகள் அவருக்குத் தெரிந்திருக்கின்றன. திங்கள்கிழமை மதியம் பிள்ளைகளோடு அவர் வீட்டுக்குப் போகிறோம், கிட்டாரை எடுத்துக்கொண்டு. மைக்செட் அண்ணன் பேட்டரியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு மூணு விழாவுக்குத் தாங்கும் என்றார்.