மசாலாவில் ஒன்றும் இல்லை

மெக்சிகோவின் மெரிடா நகரத்தில், சோள ரொட்டியில் கறியை மடித்துத் தரும் ஒரு டாக்கோ கடையில் வேலை பார்த்தேன் என்றதும் சமையல் தெரிந்தவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அந்தப் பன்றிக்கறிக்கு மசாலா என்ன?"

தாராளமாகச் சொல்லலாம். வெண்ணெய்க்கும் சீஸுக்கும் நிறமேற்றுகிற அதே அச்சியோத்தே விதை, பூண்டு, மிளகு, கிராம்பு, சீரகம், ஓரிகானோ. இவற்றை அரைத்துச் செங்கல் நிறக் கட்டியாகப் பிடித்து, ரெகாதோ என்று லூக்காஸ் தே கால்வெஸ் சந்தையில் விற்கிறார்கள். எங்கள் கடைக்கு அங்கிருந்துதான் வரும். எதிர்த்தெருக் கடைக்காரரும் அதே ஆளிடம்தான் வாங்கினார். புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் கரைத்துக் கறியில் பூசி, வாழையிலையில் பொதிந்து ராத்திரி முழுக்க வேகவிட்டால் கொச்சினிதா பிபில். மெரிடா இருக்கும் யுகாத்தான் பகுதி முழுக்க எல்லோருக்கும் தெரிந்த செய்முறை இது. ஆனாலும் ஒரு கடையில் கூட்டம் அலைமோதும், பக்கத்துக் கடையில் ஈ ஓட்டுவார்கள். வித்தியாசம் கறி வெந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் கறி நகரத்தில் வேகவில்லை. கடையை நடத்திய தோன்யாவின் தம்பி கிராமத்தில், வீட்டுக் கொல்லையில் குழியடுப்பு வைத்திருந்தார். அந்தப் பகுதியில் மண் ஒரு சாண் போனாலே சுண்ணாம்புப் பாறை இடிக்கும். அதனால் ஒருமுறை வெட்டிய குழியை லேசில் கைவிடமாட்டார்கள். விறகை எரித்துக் கற்களைப் பழுக்கக் காயவைத்து, கறி நிறைந்த தகரப் பாத்திரத்தை உள்ளே இறக்கி, மேலே இலை, தகடு, மண் என்று மூடுவார்கள். மூடியபின் உப்புப் பார்ப்பது, கிளறுவது, நெருப்பைக் குறைப்பது எதுவும் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியை நக்கிப் பார்க்கும் ஓட்டல் சமையலறையில் பழகிய எனக்கு இது பெரிய அவஸ்தையாக இருந்தது. அவரோ மண்ணைத் தள்ளிவிட்டு ஊஞ்சற்படுக்கையில் படுத்துத் தூங்கிவிடுவார்.

விடியுமுன் பாத்திரம் கடைக்கு வந்துவிடும். ஆறு மணிக்குக் கடை திறப்போம். இலையைப் பிரித்தால் மேலே ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு மிதக்கும், அடியில் சாறு. என் வேலை கறியைக் கையால் பிரிப்பது. நார்நாராகக் கிழித்தால் சாற்றை உறிஞ்சிக் கூழாகிவிடும். துண்டாக விட்டால் டார்டியாவில், அதாவது அந்தச் சோள ரொட்டியில், அடங்காது. தோலும் காது மடலும் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு, வெறும் சதை மட்டும் கேட்பவர்களும் உண்டு. மஞ்சள்கறை போலத்தான் அச்சியோத்தேவும், நகக்கண்ணிலிருந்து போகவே போகாது.

சாறுதான் விவகாரம். கொஞ்சம் கூடினால் டார்டியா கிழிந்து வாடிக்கையாளர் சட்டையில் வழியும். குறைந்தால் தொண்டையில் அடைக்கும். பாத்திரம் சிறு தீயில் இருப்பதால் நேரமாக ஆகச் சாறு சுண்டி உப்பு ஏறும். ஆறு மணி டாக்கோவும் பத்து மணி டாக்கோவும் ஒன்றில்லை. அதனால் பத்து மணிக்குமேல் தோன்யா சாற்றைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்டுவார். அரிந்த சிவப்பு வெங்காயத்தின் மேல் கொதிநீர் ஊற்றி வடித்து, புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைத்தது அது. யாரும் அவருக்கு அளவு சொல்லித் தரவில்லை, எனக்கும் அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான்.

கறியில் காரமே இருக்காது. காரத்துக்கு அபனேரோ மிளகாய் தனிக் கிண்ணத்தில். 2010-இல் யுகாத்தான் தீபகற்பத்து அபனேரோவுக்குப் புவிசார் பெயருரிமை கிடைத்தது. அதில் இங்கே எல்லோருக்கும் பெருமை. பன்றி, புளிப்பு ஆரஞ்சு, வாழையிலை மூன்றுமே ஸ்பானியர்கள் வந்தபின் வந்தவை. மெரிடாவை அவர்கள் நிறுவியது 1542-இல். அதற்கு முன்பு இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயா மக்கள் குழியில் வேகவைத்தது மானும் வான்கோழியும். 'பாரம்பரியச் சுவை' என்று சுற்றுலாக்காரர்களிடம் அளக்கிற வழிகாட்டிகள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்கோவைவிடக் கிலோக் கணக்கில்தான் விற்பனை. வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து, "சாறு தனியா கட்டுங்க" என்று வாங்கிப் போவார்கள். அந்த வரிசையில்தான் அரசியலும் ஓடும். ஓமுன் என்ற ஊரில் 49,000 பன்றிகளுக்கான பெரும்பண்ணையை, நிலத்தடி நீர் கெடும் என்று மாயா மக்கள் எதிர்த்தார்கள். 2018-இல் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆறே இல்லாத நிலம், குடிக்கும் தண்ணீரெல்லாம் பாறைக்கடியில் இருக்கிறது. பண்ணையைத் திட்டிக்கொண்டே ஒரு கிலோ வாங்கிப் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அதை விற்றுத்தான் சாப்பிட்டேன்.

பதினோரு மணிக்கெல்லாம் பாத்திரம் காலி. சாயங்காலம் வந்து பூட்டைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள். கேஸ் அடுப்பில் இன்னொரு பாத்திரம் வைத்தால் என்ன என்று கணக்குப் போட்டு தோன்யாவிடம் காட்டினேன். முழுதாகப் படித்தார். "ராத்திரியில் யார் கொச்சினிதா சாப்பிடுவார்கள்?" என்றார். உள்ளூர்க்காரர்கள் ராத்திரியில் தேடுவது டார்டியாவைப் பொரித்துச் செய்யும் பனுச்சோவும் சல்புத்தேவும்தான், அது எனக்கும் தெரியும்.

இப்போது அவருடைய மகன் அதே கடையில் மாலையில் பனுச்சோ போடுகிறான். கல்லா தனி, கணக்கும் தனி. காலையில் கறி மீந்தாலும் அவனுக்குக் கொடுப்பதில்லை என்று தோன்யா கறாராக இருக்கிறார். மீந்ததாகத்தான் நான் பார்த்ததில்லை.