ஒரே வாசல்: ஒரு காய்கறிக் கடைக்காரனின் நாட்குறிப்பு

மார்ச் 25, 2020
கொரோனாவுக்காக நேற்று சாயங்காலம் 6 மணிக்கே 144 தடை உத்தரவு வந்துவிட்டது. ராத்திரி பிரதமர் 21 நாள் ஊரடங்கு என்றார். காய்கறிக்குத் தடை இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குச் சென்னையின் மொத்த மார்க்கெட்டான கோயம்பேட்டுக்குப் போனேன். சரக்கு இருந்தது, இறக்கத்தான் ஆள் குறைவு.

ஏப்ரல் 8
லாரி ஓட அனுமதி இருக்கிறது. ஆனால் வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை, பஞ்சர் கடை இல்லை. டிரைவர்கள் எப்படி வருவார்கள்? ஓட்டலும் கல்யாண மண்டபமும் மூடியதில் கோஸும் வாழை இலையும் தேங்குகின்றன.

ஊத்துக்கோட்டைப் பக்கம் மச்சான் கத்திரி போட்டிருக்கிறான். பறிகூலிக்கே கட்டவில்லையாம், மாட்டுக்குப் போட்டுவிட்டான். இன்று என் கடையில் கத்திரிக்காய் இல்லை என்று இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். ஒன்றரை மணி நேர வண்டித் தூரம்தான். மனசு ஆறவில்லை.

ஏப்ரல் 25
நாளை முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு. இன்று மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. பயமாக இருந்தது.

மே 5
கோயம்பேட்டை மூடிவிட்டார்கள். ஊர் திரும்பிய தொழிலாளர்களால் கடலூர், விழுப்புரம், அரியலூரில் தொற்று கூடியதாகச் செய்தி. 'கோயம்பேட்டுக்காரன்' என்றாலே ஒதுங்குகிறார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் அந்தக் கடை வாசலிலேயே சாக்கு விரித்துப் படுப்பவர்கள். ஒரே குழாயில் குளிப்பவர்கள். இடைவெளி விடு என்றால் எங்கே விடுவார்கள்? நாம் தினம் சாப்பிட்டது அவர்கள் தோளில் வந்ததுதான். 1996-இல் கோயம்பேடு திறந்தது முதல் இந்தப் பட்டணத்தின் காய்கறியெல்லாம் அந்த ஒரு வாசலையே நம்பியிருந்தது. வாசல் அடைத்தால் என்ன ஆகும் என்று நானும் யோசித்ததில்லை.

மே 11
காய்கறி மார்க்கெட்டைத் திருமழிசைக்கு மாற்றியிருக்கிறார்கள். பழத்துக்கு மாதவரம். வண்டி வாடகை ஏறிவிட்டது, அதைக் காய் விலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

ஜூன் 14
மச்சானும் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியில் காயை நேரே என் கடைக்கு அனுப்புகிறார்கள். முதல் நாள் ராத்திரியே போனில் விலை பேசிவிடுகிறோம். கமிஷன் கிடையாது. கத்திரி, வெண்டை, கீரை வரும். வெங்காயம், உருளை, கேரட்டுக்குத் திருமழிசைதான். போன வாரம் வெண்டை முற்றி வந்து இருபது கிலோ வீண். நஷ்டத்தைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையின் யோசனையும் இதுதானே. நம் தெருக்களுக்குப் பக்கத்திலும் அப்படி நாலு இடம் இருந்திருந்தால் மச்சான் மாட்டுக்குப் போட்டிருக்க மாட்டான்.

செப்டம்பர் 28
கோயம்பேடு காய்கறி மார்க்கெட் திறந்துவிட்டது. என் மூட்டையை எப்போதும் தூக்கும் அரியலூர் அண்ணன் இன்னும் வரவில்லை. போன் அடித்தேன், அடுத்த வாரம் வருகிறாராம்.

"இனிமே எங்க வண்டி வேணாமா மாமா?" என்று கேட்டான் மச்சான். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அனுப்பச் சொல்லிவிட்டேன்.