தம்பியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தபோது நாங்கள் போன வழி

2008 கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அறியவே வவுனியாவிலிருந்து வந்த அம்மாவும் நானும் கொழும்பில் பல வாசல்களில் நிற்க வேண்டியிருந்தது.

சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வி, பிடித்த திகதி என்ன என்பது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் விளங்கியது. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. ஆள் எங்கே என்றே தெரியாத குடும்பத்துக்கு ஒரு மாதம் எந்த மூலைக்குக் காணும்? இதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தோடு சீட்டு வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆளைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் ஆணைக்குழுவின் அதே சட்டம் சொல்கிறது. அறிவித்தார்களா என்று அங்கேயே கேளுங்கள்.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. ஆனால் 1979இல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அமைச்சரின் கையெழுத்தே போதும். மூன்று மாதம் உள்ளே. அப்புறம் இன்னொரு கையெழுத்து, இன்னொரு மூன்று மாதம். அப்படியே 18 மாதம் வரை அப்போது நீட்ட முடிந்தது. தம்பிக்கும் நீட்டினார்கள். அந்த உத்தரவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அப்போது 10ஆம் பிரிவு சொன்னது. அரசியலமைப்பே தந்த மனுவைச் சாதாரணச் சட்டம் தடுக்காது என்று சட்டத்தரணி துணிந்து போட்டார். மனு தவணை தவணையாக இழுபட்டது, விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களைப் பார்க்க விட்டார்கள். சாறம், சவர்க்காரம், பிஸ்கட் எல்லாவற்றையும் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள்.

பிறகு நீதவான், விளக்கமறியல், மேல் நீதிமன்றக் குற்றப்பத்திரம். சாட்சியம் என்று இருந்தது தம்பியின் ஒப்புதல் வாக்குமூலம் மட்டும், அதுவும் அவனுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில். சாதாரண வழக்கில் பொலிஸுக்குக் கொடுத்த ஒப்புதல் செல்லாது. இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலான அதிகாரியோ எடுத்தால் செல்லும். சுயமாகக் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் உள்ளே இருப்பவன் தலையில்தான். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவன் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்?

எங்களைக் காப்பாற்றியது சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை. விளக்கமறியலுக்கு மாற்றியவுடனேயே பரிசோதிக்கக் கேட்டு சட்டத்தரணி நீதவானிடம் விண்ணப்பித்திருந்தார். தழும்புகளும் அவற்றின் காலமும் அதில் பதிவாகியிருந்தன. வாக்குமூலம் சுயமாகக் கொடுத்ததா என்று பார்க்கிற உண்மை விளம்பல் விசாரணையில் அதை நீதிபதி நிராகரித்தார், வழக்கும் விழுந்தது. அது 2014.

2022 திருத்தத்துக்குப் பிறகு தடுப்புக்காவல் ஆகக்கூடியது 12 மாதம். நீதவான் மாதம் ஒரு முறையாவது தடுத்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 12 மாதமாகியும் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை. ஆகவே வைத்தியப் பரிசோதனையைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

விடுதலையானால் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் நாலைந்து எடுத்து வையுங்கள். தம்பி வந்த பிறகும் வீட்டுக்கு விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பிரதியைக் கொடுத்துத்தான் அனுப்பினோம்.